வர்றீங்களா, வெளியூர் மேட்ச்சுக்கு?

"ஃபுட்பால் பார்க்க பெங்களூரு வரைக்கும் போகணுமா? அதான் டி.வி.யில காட்டுறானே!"

வீட்டில் இந்தக் கேள்வி கண்டிப்பா வரும். நியாயமான கேள்விதான். டி.வி.யில் ரீப்ளே உண்டு, தலைக்கு மேல ஃபேன் உண்டு, இடைவேளையில் அம்மா கையால காபி உண்டு. ஸ்டேடியத்தில் என்ன இருக்கு? உங்க சீட் எங்கேயோ ஒரு மூலையில். உங்களுக்கும் புல்தரைக்கும் நடுவில் ஓட்டப்பந்தய டிராக் வேற. கூட்டத்துக்கு நடுவில் பந்து உள்ளே போனால், தலையால் முட்டினது யாருன்னு பக்கத்து சீட் ஆசாமியைத்தான் கேட்கணும். அப்புறம் எதுக்கு முந்நூத்தம்பது கிலோமீட்டர்?

நீங்க சென்னையின் எஃப்.சி. ரசிகரா இருந்தா பதில் ரொம்ப ஈஸி. நம்ம டீம் இதுவரை ஜெயிச்ச ரெண்டு ஐ.எஸ்.எல். கோப்பையையும் சென்னையில் வைத்து ஜெயிக்கலை. 2015-ல் கோவா, 2018-ல் பெங்களூரு. ரெண்டு தடவையும் எதிரணியோட சொந்த மைதானம், சொந்தக் கூட்டம். "நேரு ஸ்டேடியத்தில் ஆடினா மட்டும் வருவேன்" என்று பாலிசி வைத்திருந்த அத்தனை பேரும் டீம் கோப்பையைத் தூக்கினதை டி.வி.யில்தான் பார்த்தாங்க!

2015 கதை தெரியுமா? சீசன் பாதி தாண்டின பிறகும் டேபிளில் அடிமட்டத்தில் கிடந்த டீம் அது. மேட்டராஸி கோச். "இந்த வருஷம் அவ்வளவுதான்" என்று எல்லாரும் கையைக் கழுவின நேரத்தில் வரிசையா ஜெயிச்சு செமி ஃபைனலுக்கு வந்துட்டாங்க. ஆனா அப்போ சென்னையே தண்ணிக்குள்ள. டிசம்பர் முதல் வாரத்து மழை, ஏர்போர்ட்டையே மூடவெச்ச வெள்ளம். சொந்த ஊரில் நடக்க வேண்டிய செமி ஃபைனலைத் தூக்கி புனேயில் வைத்தார்கள். டிசம்பர் 12, புனே. கொல்கத்தா டீமை 3-0. வீட்டுக்குள் வந்த தண்ணியை வாளியில் அள்ளிக் கொட்டிக்கிட்டிருந்த ரசிகர்களில் எத்தனை பேருக்கு அன்னைக்கு கரன்ட் இருந்ததோ!

எட்டு நாள் கழித்து ஃபைனல். கோவாவில் மட்காவ் நகரத்தின் ஃபட்டோர்டா மைதானம். 87-வது நிமிஷத்தில் கோவா 2-1 என்று முன்னே போயிடுச்சு. அந்த ஊரே கொண்டாட ஆரம்பிச்சாச்சு. 90-வது நிமிஷம், கோவா கோல்கீப்பர் கட்டிமணி தட்டின பந்து அவர் வலைக்குள்ளேயே விழுந்தது. 2-2. இஞ்சுரி டைமில் மென்டோசா ஓடிப்போய் ஒண்ணு. 3-2! மூணு நிமிஷத்தில் ஒரு ஸ்டேடியமே ஊமையானது. அந்த அமைதியில் கேட்ட ஒரே சத்தம் நம்ம ஊர்க்காரங்க சத்தம். டி.வி.யில் இது ஒரு 'ஹைலைட்ஸ்'. அங்கே நின்னவனுக்கு அது வேற.

வெளியூர் மேட்ச்சோட விஷயமே இந்த அமைதிதான். சொந்த ஊரில் இருபதாயிரம் பேர் கத்தும்போது உங்க தொண்டை இருந்தா என்ன, இல்லாட்டி என்ன? கணக்கிலேயே வராது. வெளியூரில் ஒரு ஓரத்து ஸ்டாண்டில் இருநூறு பேர்தான். அதில் ஒருத்தர் குறைஞ்சாலும் தெரியும். மைதானத்தில் ஆடுற பதினோரு பேருக்கும் தெரியும். மேட்ச் முடிஞ்சதும் ஜெயிச்சாலும் தோத்தாலும் அந்த ஓரத்துக்கு நடந்து வந்து கை தட்டிட்டுத்தான் போவாங்க. அது ஃபுட்பாலில் உலகம் முழுக்க இருக்கிற மரியாதை.

சரி, 2018-க்கு வருவோம். அதுதான் நம்ம காலேஜ் பசங்களுக்கு ஏத்த கதை.

மார்ச் 13, செவ்வாய்க்கிழமை. நேரு ஸ்டேடியத்தில் செமி ஃபைனல் ரெண்டாவது ஆட்டம். கோவாவை 3-0 அடிச்சாச்சு. ஜெஜே ரெண்டு, இன்னொண்ணு வியாசர்பாடியில் பந்து உதைச்சு வளர்ந்த நம்ம தன்பால் கணேஷ். ஃபைனல் அதே வாரம் சனிக்கிழமை, மார்ச் 17, பெங்களூரு கண்டீரவா ஸ்டேடியம். நடுவில் மூணே நாள். அதுக்குள்ள டிக்கெட் எடுக்கணும், ரயில் பார்க்கணும், வீட்டில் கேட்கணும், இன்டர்னல் டெஸ்ட் இருந்தா அதையும் முடிக்கணும்.

எதிரில் யாரு? லீக்கில் 40 பாயின்ட் எடுத்து முதலிடம் பிடிச்ச பெங்களூரு எஃப்.சி. நம்ம பாயின்ட் 32. எட்டு பாயின்ட் வித்தியாசம் சும்மா இல்லை. அதுவும் சுனில் சேத்ரி ஆடற டீம்.

இன்னொரு சங்கதியும் உண்டு. அதற்குச் சரியா ஒரு மாசம் முன்னாடி, பிப்ரவரி 16 அன்றுதான் காவிரி வழக்கில் சுப்ரீம் கோர்ட் தீர்ப்பு. தமிழ்நாட்டுப் பங்கில் 14.75 டி.எம்.சி. குறைஞ்சு கர்நாடகத்துக்குப் போச்சு. 2016 செப்டம்பரில் இதே காவிரிக்காக பெங்களூரில் தமிழ்நாட்டுப் பதிவெண் பஸ்களை எரிச்சது யாருக்கும் மறந்திருக்காது. "இந்த நேரத்துல சென்னை பேரு போட்ட சட்டையோட அங்க போறியா?" என்று அப்பா கேட்டா, அது வெறும் பயமுறுத்தல் இல்லை. யோசிக்க வேண்டிய விஷயம்தான்.

ஆனாலும் போனாங்க. ஆட்டம் தொடங்கி ஒன்பதாவது நிமிஷம், சேத்ரி பாய்ந்து தலையால் முட்டி 1-0. ஸ்டேடியம் முழுக்க இடி. சென்னையிலிருந்து ரயில் ஏறி வந்தவங்க ஒருத்தரை ஒருத்தர் பார்த்துக்கொள்கிற கட்டம் அது. 17-வது நிமிஷம் கார்னர் கிக். பிரேசில் தடுப்பாட்டக்காரர் மெய்ல்சன் ஆல்வெஸ் எல்லாருக்கும் மேல எழும்பி தலையால் ஒண்ணு. 45-வது நிமிஷம் மறுபடியும் கார்னர், மறுபடியும் அதே மெய்ல்சன், மறுபடியும் தலை! கோல் போடறது தன் வேலையே இல்லாத ஆள் ஃபைனலில் ரெண்டு போட்டார். 67-ல் ரஃபேல் அகஸ்டோ மூணாவது. கடைசி நேரத்தில் மிக்கு ஒண்ணு திருப்பினார், பிரயோஜனமில்லை. 3-2. 2015-ல் கோவாவில் இருந்த அதே ஸ்கோர்.

இதில் ஒரு காமெடி உண்டு. பெங்களூரு டீமோட கலரும் நீலம், நம்ம கலரும் நீலம். கொச்சிக்குப் போனீங்கன்னா கவலையில்லை. கேரளா பிளாஸ்டர்ஸ் ரசிகர்களான 'மஞ்ஞப்பட' ஸ்டேடியத்தையே மஞ்சள் குளிப்பாட்டி வைத்திருப்பாங்க. நடுவில் ஒரு நீலத் திட்டு நீங்கதான், தூரத்திலிருந்தே தெரியும். கண்டீரவாவில் அப்படி இல்லை. பக்கத்தில் உட்கார்ந்து பாப்கார்ன் தின்கிற நீலச்சட்டை நம்ம ஆளா, 'வெஸ்ட் பிளாக் ப்ளூஸ்' ஆளான்னு நெஞ்சில் இருக்கிற லோகோவை உத்துப் பார்த்தால்தான் தெரியும். தெரியாமல் தோளில் கைபோட்டு "மச்சி, ஜெயிச்சிடுவோம்டா" என்று சொல்லி வைக்காதீங்க!

போகணும்னு ஆசை வந்தாச்சா? அப்ப ஸ்டெப் பை ஸ்டெப்பா பார்க்கலாம்.

தனியா போகாதீங்க. முதல் தடவைன்னா கண்டிப்பா வேண்டாம். சென்னையின் டீமுக்கு 'பி ஸ்டாண்டு ப்ளூஸ்', 'சூப்பர் மச்சான்ஸ்' என்று ரசிகர் குழுக்கள் உண்டு. வெளியூர் பயணத்தில் இந்தக் குழுக்களோட அருமை புரியும். வெளியூர் ரசிகர்களுக்கு எந்த கேட், எந்த ஸ்டாண்டு, டிரம் உள்ளே விடுவாங்களா என்கிற சமாசாரமெல்லாம் அவங்களுக்குத்தான் முன்கூட்டியே தெரியும். நீங்க பாட்டுக்கு ஆன்லைனில் காலியா இருக்கிற சீட்டை எடுத்துட்டுப் போனா, எதிரணிக் கூட்டத்துக்கு நடுவில் மாட்டுவீங்க. அப்புறம் நம்ம ஆள் கோல் போடும்போது கன்னத்தை இறுக்கிப் பிடிச்சுக்கிட்டு உட்கார்ந்திருக்கணும். அதைவிடக் கொடுமை வேற இல்லை.

இங்கிலாந்தில் இதுக்கெல்லாம் சட்டமே வைத்திருக்காங்க. பிரீமியர் லீக்கில் வெளியூர் ரசிகர்களுக்கு 3,000 டிக்கெட் ஒதுக்கணும். மைதானம் சின்னதா இருந்தா மொத்த இடத்தில் 10 சதவீதம். 2016-ல் அந்த டிக்கெட்டின் விலை 30 பவுண்டைத் தாண்டக் கூடாதுன்னு உச்சவரம்பும் போட்டாங்க. வெளியூர் ஆளுங்க வராத மேட்ச் சப்புன்னு இருக்கும்னு அங்கே கிளப்புகளுக்கே தெரியும். லிவர்பூல், மான்செஸ்டர் என்று நடுராத்திரி ஹாஸ்டல் டி.வி. முன்னாடி கண் சிவக்கக் காத்திருக்கிற நண்பர்களே, உங்க டீமைப் பார்க்கப் பாஸ்போர்ட், விசா, லட்ச ரூபாய் எல்லாம் வேணும். அந்த டிக்கெட் கிடைக்கிறப்போ போங்க, யாரு வேண்டாம்னா? அதுவரைக்கும் சென்ட்ரலில் நிற்கிற ரயிலை ஏன் விடணும்?

ரயில்னு சொன்னதும் ஒண்ணு. பெங்களூரு மேட்ச்சுக்கு காலை பிருந்தாவன் எக்ஸ்பிரஸ் சரியான வண்டி. மதியம் இறங்கி சாப்பிட்டு, முகத்தில் நீலம் பூசிக்கிட்டு நிதானமா போகலாம். லால்பாக்கை நம்பாதீங்க. அது மதியத்துக்கு மேலதான் கிளம்புது. நீங்க போய்ச் சேரும்போது கண்டீரவாவில் லைட்டை அணைச்சுக்கிட்டிருப்பாங்க. உட்கார்ந்து போகிற செகண்ட் கிளாஸ் டிக்கெட் எடுத்தா, போக வர ஆகிற செலவு மல்டிபிளெக்ஸில் ஒரு படமும் பாப்கார்னும் சாப்பிடுகிற செலவுக்குள்ள முடிஞ்சிடும். இறங்கினதும் மெஜஸ்டிக்கில் பர்ப்பிள் லைன் மெட்ரோ பிடிச்சா, மூணாவது ஸ்டேஷன் கப்பன் பார்க். அங்கிருந்து நடைதான். வழி கேட்க கன்னடம் தெரியணும்னு அவசியமில்லை. ஆனா ரெண்டு வார்த்தை கத்துக்கிட்டுப் போனா, ஆட்டோக்காரர் முகம் மலர்றதைப் பார்க்கலாம்.

கொச்சி என்றால் ராத்திரிப் பயணம். திருவனந்தபுரம் மெயிலில் சென்ட்ரலில் ஏறித் தூங்கினா காலையில் எர்ணாகுளம் டவுன். பல சீசன்களாக பிளாஸ்டர்ஸ் ஆடின கலூர் ஸ்டேடியத்துக்கு வாசலிலேயே மெட்ரோ ஸ்டேஷன். மேட்ச் சாயங்காலம்தான் என்பதால் ஒரு முழுப் பகல் கையில் இருக்கும். ஃபோர்ட் கொச்சி போங்க, சீனவலை பாருங்க. ஆனா தொண்டையைப் பத்திரமா வச்சுக்குங்க.

போறதைவிடத் திரும்பறதுதான் பிரச்னை. மேட்ச் ஏழரைக்குத் தொடங்கினா ஒன்பதரை ஆகும் முடிய. வெளியூர் ரசிகர்களைப் பல இடங்களில் போலீஸ் உடனே வெளியே விடாது. உள்ளூர்க் கூட்டம் கலையட்டும்னு உட்கார வைக்கும். அது உங்க நல்லதுக்குத்தான், முணுமுணுக்காதீங்க. இதுல ராத்திரி ரயிலை நெருக்கமா புக் பண்ணி வச்சிருந்தா, கடைசிப் பத்து நிமிஷம் பந்தைப் பார்க்கமாட்டீங்க, வாட்ச்சைத்தான் பார்ப்பீங்க. ஃபைனல், செமி ஃபைனல் என்றால் எக்ஸ்ட்ரா டைம், பெனால்டி என்று இழுக்கவும் வாய்ப்பு இருக்கு. அன்னைக்கு ரயில் டிக்கெட்டே வேண்டாம். பெங்களூரிலிருந்து தமிழ்நாட்டுப் பக்கம் ராத்திரி பூரா பஸ் ஓடுது. இல்லாட்டி அத்தை வீடு, சித்தப்பா வீடு, பி.ஜி.யில் தங்கியிருக்கிற சீனியர் ரூம்... பெங்களூரில் சொந்தம் இல்லாத சென்னைக்காரர் உண்டா என்ன?

பையில் என்ன வைக்கலாம்னு கேட்டா, கிட்டத்தட்ட ஒண்ணும் வேண்டாம். பவர் பேங்க், தண்ணீர் பாட்டில், லைட்டர், கொடிக்கம்பு எல்லாமே பெரும்பாலான மைதானங்களில் வாசலில் பிடுங்கப்படும். திரும்பி வரும்போது அது அங்கே இருக்கும்னு நினைச்சீங்கன்னா நீங்க ரொம்ப நல்லவர்! கொடி கொண்டு போங்க, கம்பு வேண்டாம். காலேஜ் ஐ.டி. கார்டு கூடவே இருக்கட்டும். சில்லறை நோட்டா கொஞ்சம் காசு பாக்கெட்டில் இருக்கட்டும். ஸ்டேடியத்தைச் சுற்றி நாப்பதாயிரம் பேர் ஒரே நேரத்தில் போனை நோண்டினால் நெட் எப்படி வேலை செய்யும்?

கத்தறதில் ஒரு கட்டுப்பாடு வேணும். எதிரணி கோல்கீப்பரைக் கிண்டலடிக்கலாம், ரெஃப்ரீ கண்ணைச் சந்தேகப்படலாம், தப்பே இல்லை. ஆனா ஊர், மொழி, தண்ணி... இந்த மூணும் ஸ்டேடியத்துக்குள் வரவே கூடாது. அங்கே நீங்க இருநூறு பேர் என்பதற்காக மட்டும் சொல்லலை. மேட்ச் முடிஞ்சதும் நீங்க அந்த ஊர் ஆட்டோவில் ஏறணும், அந்த ஊர் ஓட்டலில் சாப்பிடணும். அந்த ஊரில் வேலை பார்க்கிற நம்ம ஆளுங்க மறுநாளும் அங்கேயேதான் இருக்கணும்.

கேர்ள்ஸ், உங்களுக்கு வீட்டில் பெர்மிஷன் வாங்குறது பசங்களைவிட நாலு மடங்கு கஷ்டம்னு தெரியும். "எல்லாரும் போறாங்கம்மா" என்கிற டயலாக் வேலைக்கு ஆகாது. யார் யார் வர்றாங்க, அவங்க போன் நம்பர், எந்த வண்டி, எங்கே தங்கறது... இதை ஒரு பேப்பரில் எழுதி ஃப்ரிட்ஜ் மேல ஒட்டிட்டுக் கேட்டுப் பாருங்க. கிடைக்க சான்ஸ் அதிகம். இன்னொரு ரூட்டும் உண்டு. அப்பாவையே கூட்டிட்டுப் போறது. முதல் கோல் விழுந்ததும் பாருங்க, விசில் அடிக்கிறது யாருன்னு!

"அடுத்த வருஷம் பார்த்துக்கலாம்" என்று தள்ளிப் போடறவங்களுக்கும் ஒரு விஷயம் இருக்கு. 2020-ல் சென்னையின் எஃப்.சி. மூணாவது தடவையா ஃபைனலுக்குப் போச்சு. மார்ச் 14, மறுபடியும் அதே ஃபட்டோர்டா. கொரோனா வந்த நேரம். ஆளில்லாத ஸ்டேடியத்தில் கதவைச் சாத்திட்டு ஆடினாங்க. ஏ.டி.கே. 3-1 என்று ஜெயிச்சது. டிக்கெட் வாங்கி வச்சிருந்தவங்களும் வீட்டில் உட்கார்ந்து, காலி நாற்காலிகளுக்கு நடுவில் பந்து உதைபடற சத்தத்தைக் கேட்டாங்க. அதற்கப்புறம் ரெண்டு சீசன் முழுக்க கோவாவில், கிட்டத்தட்ட எல்லா மேட்ச்சும் பூட்டின கதவுக்குள்ளேயே நடந்தது. வெளியூர் மேட்ச் என்கிற சங்கதியே இல்லாமல் போச்சு. 2025-ல் வேற மாதிரி சிக்கல். ஒப்பந்தப் பிரச்னையில் லீக்கையே ஜூலையில் நிறுத்தி வச்சாங்க. அந்த வருஷம் முடியற வரைக்கும் புது சீசன் தொடங்கவே இல்லை. பை கட்டி ரெடியா இருந்தாலும் போறதுக்கு மேட்ச் வேணுமே!

கடைசியா ஒரு உண்மை. கோவாவும் பெங்களூரும் விதிவிலக்கு. வெளியூர் போனா தோத்துட்டு வர்றதுதான் அதிகம் நடக்கும். மேட்ச் முடியும்; உள்ளூர்க்காரங்க பாடிக்கிட்டே போவாங்க; நீங்க டிரம்மைத் தலைக்கு வச்சு ஸ்டேஷன் பிளாட்பாரத்தில் படுத்திருப்பீங்க. யாரும் பேசமாட்டாங்க. ஜோலார்பேட்டை தாண்டறப்போ ஒருத்தன் மெதுவா ஆரம்பிப்பான், "அந்த 60-வது நிமிஷ சப்ஸ்டிடியூஷன் தேவையா மச்சான்?" அவ்வளவுதான், காட்பாடி, அரக்கோணம் எல்லாம் எப்படிப் போச்சுன்னே தெரியாது. சென்ட்ரலில் இறங்கும்போது அடுத்த வெளியூர் மேட்ச் எப்பன்னு தேதி பார்த்திருப்பீங்க. கழுத்தில் பாதி அழிஞ்ச நீலப் பெயின்ட்டோட திங்கட்கிழமை ஃபர்ஸ்ட் ஹவர். அட்டெண்டன்ஸ் எடுக்கும்போது குரலே வராது. கையை மட்டும் தூக்குங்க, மார்க் பண்ணிடுவாங்க.